ஸ்ட்ரான்சியம் ஓர் ஆளின் பெயர் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தீபாவளி இணைப்பில், வாணவெடிகளுக்கு நிறம் எப்படி வருகிறது என்று விளக்கிய கட்டுரையை வரி விடாமல் படித்தேன். செம்பின் உப்பு நீலம் தரும், பேரியம் பச்சை தரும், சோடியம் மஞ்சள் தரும் என்பவை எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் சிவப்பைத் தருகிற ஸ்ட்ரான்சியத்துக்கு வந்தபோது, அந்தத் தனிமம் தன்னைக் கண்டுபிடித்த ஆங்கிலேய விஞ்ஞானி ஒருவரின் பெயரால் வழங்குகிறது என்று ஒரு வரி வந்திருக்கிறது. அப்படி ஒரு விஞ்ஞானி பிறக்கவே இல்லை. அது ஓர் ஊரின் பெயர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கடல் நிலத்துக்குள் நீண்டு நுழைந்திருக்கும் ஓர் ஓரத்தில், சில நூறு பேர் மட்டுமே வாழ்கிற ஸ்ட்ரொன்டியன் என்ற சிற்றூரின் பெயர்.

ஒரு வரிப் பிழைக்கு இவ்வளவு நீளமான கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். அந்தப் பிழையைச் சொல்லும் தகுதி எனக்கு முழுதாக இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிவகாசி வட்டாரத்தில் 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவன் நான். கார மண் உலோகங்கள் பாடம் வரும்போதெல்லாம், "ஸ்ட்ரான்சியம், ஸ்காட்லாந்தில் ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் பேரியத்துக்குப் போய்விடுவேன். ஓர் ஆண்டு, அப்பா பட்டாசு ஆலையில் மணி மருந்து கலக்கும் வேலையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "அந்த ஊர்ல என்ன சார் இருக்கு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. சுரங்கம் இருக்கும் என்று மழுப்பி உட்கார வைத்தேன். சிவப்பு மருந்து கலந்த அன்று அவன் அப்பாவின் விரலிடுக்கில் படிந்துவிட்டு வருவது அந்த ஊரின் பெயரைச் சுமந்த உப்பு என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. நடத்திய எனக்குத்தான் அது ஒரு வெறும் வரியாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் மகனிடம் சென்றிருந்தபோது, எடின்பரோ கோட்டைக்குப் போகலாம் என்று அவன் சொன்ன ஒரு சனிக்கிழமையில், ஸ்ட்ரொன்டியனுக்குப் போவோம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மே மாதக் கடைசி. லோமண்ட் ஏரியை ஒட்டி வடக்கே ஏறி, ரானக் மூர் என்ற மரமே இல்லாத சதுப்பு வெளியைக் கடந்து, கிளென்கோ பள்ளத்தாக்கு வழியாகக் கீழே இறங்கினால் லின்னி என்ற கடற்கழி வருகிறது. அங்கே 'லாக்' என்பார்கள். ஏரிக்கும் அதே சொல், கடல் உள்ளே நுழைந்த கழிக்கும் அதே சொல். லின்னியின் குறுகலான ஓரிடத்தில், கோரன் என்ற துறையில், வாகனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு ஐந்தாறு நிமிடத்தில் அக்கரை சேர்க்கிறது. பாலம் இல்லை. சுற்றிப் போக வேறு சாலை உண்டு, ஆனால் அது மிக நீண்ட சுற்று. 2023-ஆம் ஆண்டில் படகுகள் பழுதாகி வாரக்கணக்கில் வாகனங்கள் கடக்க முடியாமல் போனபோது, அக்கரையில் உள்ள ஊர்கள் பட்ட பாடு அந்நாட்டுச் செய்திகளில் அடிபட்டது. படகுத் துறையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மேற்கே, பல இடங்களில் ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சாலையில், எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று வெட்டிவிட்ட இடங்களில் நின்று நின்று, டார்பர்ட் என்ற ஆளரவமற்ற பள்ளத்தாக்கைக் கடந்தால் சூனார்ட் கழியின் தலைப்பகுதி தெரிகிறது. வழிவிட்டவருக்கு எல்லோரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி நன்றி சொல்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் என் மகனுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஊரின் பெயர்ப் பலகையில் இரண்டு மொழிகள் இருக்கின்றன. மேலே கேலிக் மொழியில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தால் நம் வாயில் நுழையாது; 'ஸ்ட்ரோன் அன் ட்-ஷீஹன்' என்பதற்கு அருகில் ஒலிக்கும். ஸ்ட்ரோன் என்றால் மூக்கு; நிலம் துருத்திக்கொண்டு நிற்கும் முனைக்கும் அதே சொல். ஷீஹன் என்பது, மோகினிகள் போன்ற மாயப் பிறவிகள் உறைவதாக நம்பப்பட்ட சிறு மேடு. ஆக, 'மாயக் குன்றின் மூக்கு' என்று தமிழில் சொல்லலாம். தனிம வரிசை அட்டவணையில் 38-ஆம் கட்டத்தில் இருக்கும் குறியீட்டின் முதல் எழுத்து, மலை மூக்கு ஒன்றின் முதல் எழுத்து என்பது எனக்கு அந்தப் பலகையின் முன் நிற்கும்போதுதான் உறைத்தது. கழியின் பெயரோ கேலிக்கும் அல்ல. வடக்கிலிருந்து கப்பலேறி வந்த நார்ஸ் மக்கள் வைத்த பெயர் அது; 'ஸ்வெய்ன் என்பவனின் கழி' என்பது தேய்ந்து சூனார்ட் ஆயிற்று. சுற்றுவட்டாரத்தில் மொய்டார்ட், நொய்டார்ட் என்று 'ஆர்ட்'டில் முடிகிற பெயர்கள் எல்லாம் அந்த வகைதான். ஊருக்கு ஒரு மொழி, நீருக்கு ஒரு மொழி.

ஊர் என்றால் நம்மூர் போல ஒரே இடத்தில் நெருங்கிக் கிடப்பது அன்று. ஒரு புல்வெளித் திடல், அதைச் சுற்றி ஒரு கடை, ஓர் உணவகம், சில வீடுகள். பிறகு ஆற்றின் இருமருங்கிலும் மேல்நோக்கிச் சிதறிய வீடுகள், ஆடுகள் மேயும் சிறு சிறு நிலங்கள். ஆறு சிறியது, நம் வைப்பாற்றின் அகலம்கூட இல்லை, ஆனால் அதில் தண்ணீர் வற்றுவதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிற சீமை அது. மேற்கே ரெசிபோல் மலை 845 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கிறது. கிழக்கே கார்வ் பென் என்ற கரடான மலை 885 மீட்டர். உயரக் கணக்கைப் பார்த்துவிட்டு, எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதிகூட இல்லையே என்று நான் அலட்சியமாக நினைத்தேன். ஆனால் அங்கே மலை கடல் மட்டத்திலிருந்தே எழுகிறது. இடையில் அடிவாரம் என்று ஒன்றும் கிடையாது. அண்ணாந்து பார்த்தபோது அலட்சியம் போய்விட்டது.

இனி, சுரங்கத்தைப் பற்றி. அந்த ஊர் ஸ்ட்ரான்சியத்துக்காகத் தோண்டப்பட்ட ஊர் என்று பலர் எண்ணுகிறார்கள், நானும் எண்ணியிருந்தேன். தோண்டியது ஈயத்துக்காக. 1720-களில் அந்நிலத்தின் உடைமையாளரான சர் அலெக்சாண்டர் மரே ஊருக்கு வடக்கே உள்ள மலையில் ஈயத் தாதுவைக் கண்டறிந்தார். 1730-இல் குத்தகைக்கு எடுத்த யார்க் பில்டிங்ஸ் கம்பெனியின் கதை வேடிக்கையானது: தேம்ஸ் ஆற்று நீரை லண்டன் வீடுகளுக்கு ஏற்றிக் கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது, 1715-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு பறிமுதலான ஸ்காட்லாந்து நிலங்களை வாங்கிக் குவித்து, தண்ணீர் வியாபாரத்தை விட்டு ஈயத்துக்கு வந்து சேர்ந்தது. வெளியூர்களிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். தாது கரைக்கு இறங்கிக் கப்பலேறியது. ஈயத்தின் விலை ஏறினால் சுரங்கம் திறப்பதும், இறங்கினால் மூடுவதுமாக ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் இந்தக் கதை நடந்தது.

ஈயத்தோடு கலந்து வந்த வெளிறிய கல்லொன்றை யாரும் பொருட்படுத்தவில்லை. கனமாக இருந்ததால், அது பேரியத்தின் கார்பனேட்டாகத்தான் இருக்கும் என்று வியாபாரிகள் நம்பினார்கள். அப்படியே விற்கவும் செய்தார்கள். அயர்லாந்தில் பிறந்து லண்டனில் மருத்துவராக இருந்த அடேர் கிராஃபோர்டுக்கு அந்நாளில் பேரியத்தின் மீது கண். பேரியம் குளோரைடு, கழுத்தில் கட்டிகள் வரும் கண்டமாலை நோய்க்கு மருந்தாகும் என்று நம்பி அதைத் தயாரித்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரொன்டியன் கல்லிலிருந்து எடுத்த குளோரைடு, தான் வழக்கமாகப் பார்ப்பதைப் போலில்லை என்பதைக் கவனித்தார்: வெந்நீரில் அது இன்னும் தாராளமாகக் கரைந்தது, படிகத்தின் உருவமும் வேறாக இருந்தது. 1790-இல், இது அதுவரை சரியாக ஆராயப்படாத புதிய மண் வகையாக இருக்கலாம் என்று எழுதினார். மண் என்பது அக்காலத்து வேதியியல் வழக்கு. இன்றைக்கு ஆக்சைடு என்போம். கார மண் உலோகங்கள் என்ற பெயரில் அந்த 'மண்' இன்னும் நம் பாடப்புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐயத்தை உறுதியாக்கியவர் தாமஸ் சார்லஸ் ஹோப். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் படித்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி கொள்கிறது என்று காட்டும் 'ஹோப் உபகரணம்' அவருடையதுதான். கிளாஸ்கோவில் செய்த தம் சோதனைகளை அவர் 1793-இல் எடின்பரோவில் வாசித்தளித்தார். அவர் கல்லையும் உப்பையும் தீயில் காட்டிப் பார்த்திருந்தார். பேரியம் தீயைப் பச்சையாக்கியது. ஸ்ட்ரொன்டியன் கல்லின் உப்பு இரத்தச் சிவப்பாக்கியது. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு அதைவிடப் பளிச்சென்ற சாட்சி வேண்டுமா? பெர்லினில் கிளாப்ராத் என்ற வேதியியலாளரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். உலோகத்தைப் பிரித்தெடுக்க இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1808-இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சி, கால்சியத்தையும் பேரியத்தையும் மெக்னீசியத்தையும் பிரித்த அதே ஆண்டில் இதையும் பிரித்தார். ஊர்ப்பெயர் கல்லுக்கு வந்து, கல்லின் பெயர் உலோகத்துக்கு வந்தது. ஆக, கண்டுபிடித்தவர் இவர் என்று ஒருவரைச் சுட்டுவதே கடினம். அவர்களில் எவர் பெயரும் தனிமத்தில் இல்லை.

பட்டாசுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்தச் சிவப்புப் பச்சைக் கதையில் ஒரு சிறு புன்னகை இருக்கும். 2018-இலும் மீண்டும் 2021-இலும் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்த பிறகு, எங்கள் ஊரில் பச்சை மருந்தைப் பற்றி நடக்காத பேச்சில்லை. அன்று ஓர் ஈயச் சுரங்கத்தின் கழிவுக் கல்லை வைத்துக்கொண்டு 'இது பேரியமா, இல்லையா' என்று லண்டனிலும் கிளாஸ்கோவிலும் பெர்லினிலும் மூளையைக் குழப்பிக்கொண்டதற்கும், இன்று மூட்டையைப் பிரித்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஆய்வாளர் வருவதற்கும் இடையே 200 ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டன.

சுரங்கத்தை நேரில் பார்க்க ஊரிலிருந்து மேலே போக வேண்டும். ஒடுக்கமான மலைச்சாலை ஸ்காட்ஸ்டவுன் என்ற வீடுகளைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறுகிறது. மலையை ஒரே கோட்டில் கீறியது போன்ற பள்ளங்கள், கூரை போன கற்சுவர்கள், புல் முளைக்க மறுக்கும் கழிவு மேடுகள். ஈயம் படிந்த மண் என்பதால் நூறாண்டு கழித்தும் அந்த மேடுகளில் பசுமை திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல்லைப் பொறுக்கினேன். ஒரு பக்கம் பழுப்புப் பாறை. மறுபக்கம், நனைந்ததால் இன்னும் துலக்கமாக, வெளிறிய பச்சையில், ஊசிகளை ஒரே புள்ளியிலிருந்து விசிறியாக விரித்தாற்போன்ற ஒரு கொத்து. ஸ்ட்ரான்சியத்தைத் தந்த அந்தக் கல்லுக்கு, அதாவது ஸ்ட்ரான்சியனைட்டுக்கு, புத்தகத்தில் படித்த தோற்றம் அதுதான். அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கிறதா என்று பார்க்கலாம், பிளாட்டினக் கம்பியில் எடுத்துப் புன்சன் அடுப்பில் காட்டலாம். என்னிடம் இருந்தது ஒரு குடையும், மகனின் மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதமும்தான். எலுமிச்சையும் அமிலம்தானே என்று மகன் கேலி செய்தான். கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அது ஸ்ட்ரான்சியனைட்டாக இல்லாமல் வெறும் கால்சைட்டாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு நிமிடம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தச் சுரங்கம் கடைசியாக உயிர்பெற்றது 1980-களில். எதற்காகத் தெரியுமா? பேரைட்டுக்காக, அதாவது பேரியம் சல்பேட்டுக்காக. வட கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் துளைக்குள் செலுத்தும் சேற்றைக் கனமாக்க அது தேவைப்பட்டது. பேரியம் அல்ல என்று நிரூபிக்கப்பட்டதால் புகழ்பெற்ற ஊரில் கடைசியாகத் தோண்டப்பட்டது பேரியம்! ஸ்ட்ரான்சியத்தால் அவ்வூருக்குப் பெயர் கிடைத்ததே தவிரப் பிழைப்பு கிடைத்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீட்ரூட் சர்க்கரைப் பாகிலிருந்து சர்க்கரையைப் பிரிக்க ஸ்ட்ரான்சியம் பெருமளவில் தேவைப்பட்டபோது, அதற்கான கல் ஜெர்மனியில் தோண்டப்பட்டது. இன்றைய சிவப்பு மத்தாப்புக்கான உப்பும் பெரும்பாலும் செலஸ்டைட் என்ற வேறொரு தாதுவிலிருந்து, வேறு நாடுகளிலிருந்து வருகிறது. பெயரைக் கொடுத்துவிட்டு ஊர் தன் பாட்டுக்கு இருந்துவிட்டது. அந்தப் பெயர் எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆனது: அணுகுண்டுச் சோதனைகளின் தூசியில் பறந்து, கால்சியத்தைப் போல் எலும்பில் போய்த் தங்கிக்கொள்ளும் ஸ்ட்ரான்சியம்-90 ஆனது, உலகின் மிகத் துல்லியமான கடிகாரங்களின் உயிர்நாடியான அணுவாகவும் ஆனது.

ஆற்றங்கரையோடு மேலே போனால் ஆரியண்டில் ஓக் காடு. தேசிய இயற்கை ஒதுக்கிடமாகக் காக்கப்படுகிறது. மழைக்காடு என்றால் நமக்கு அமேசானும் சைலன்ட் வேலியும்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலும் ஒரு மழைக்காடு உண்டு, அட்லாண்டிக் கரையோரத்தில், குளிரில் நனைந்துகொண்டு. அங்கே மரத்தைவிட மரத்தின் மீது இருப்பதுதான் காடு. அடிமரம் முதல் நுனிக்கிளை வரை பாசிப் போர்வை, அதன்மேல் பன்னம், அதற்கும் மேலே, நுரையீரலை வெட்டி விரித்தாற்போல மடிப்பு மடிப்பாகத் தொங்கும் லைக்கன். மழை பட்டால் பளிச்சென்று பச்சை, காய்ந்தால் மங்கிய பழுப்பு. இங்கிலாந்தில் 1976-இல் அற்றுப்போன, கட்டம் போட்ட சிறகுடைய ஒரு சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சி இந்த வட்டாரத்துக் காட்டோரங்களில் மே, ஜூன் மாதங்களில் பறக்கும். தூறலில் அது எங்களுக்குக் கண்ணாமூச்சி காட்டவும் வரவில்லை.

என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. காட்டுச் சரிவில் ஆங்காங்கே, வட்டமாக, வீட்டு முற்றம் அளவுக்குச் சமன் செய்த மேடைகள் இருந்தன. அவை கரி மூட்டம் போட்ட இடங்கள் என்று அறிந்தபோது நான் சட்டென்று எங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். சாத்தூருக்கும் அருப்புக்கோட்டைக்கும் கிழக்கே, சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, நெருப்பை உள்ளே அடக்கி, நாள்கணக்கில் புகைய விட்டுக் கரி எடுப்பவர்களை நான் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதே வேலை! இங்கே ஓக் மரத்தை அடியோடு வெட்டாமல் குத்துக்கட்டை விட்டு வெட்டுவார்கள். கட்டையிலிருந்து பல போத்துகள் தழைத்து எழும். சில பத்தாண்டுகள் கழித்து மீண்டும் வெட்டுவார்கள். பட்டை தோல் பதனிடப் போனது; கரி இரும்பு உருக்கப் போனது. எட்டிவ் கழிக்கரையில் உள்ள பொனாவில் 1753-இல் தொடங்கிய உருக்காலைக்கு இப்படிப்பட்ட மேற்குக்கரைக் காடுகளின் கரிதான் உணவு. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் 'மனிதக் கை படாத காடு' என்று வியக்கும் அந்த மரங்களில் பல, ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகளாக நிற்பதை உற்றுப் பார்த்தால், அது எத்தனை தலைமுறைக் கோடரியின் கையெழுத்து என்று விளங்கும். வெட்டியவர்களுக்கு அந்தக் காடு நாளையும் வேண்டியிருந்தது. அதனால்தான் அது இன்னும் இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு மிதக்கும் மாதா கோயிலைச் சொல்லாமல் விட்டால் ஸ்ட்ரொன்டியன்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 'மாதா கோயில்' என்று நம் வழக்கில் சொல்கிறேன். அவர்கள் மாதாவை வழிபடும் பிரிவினர் அல்லர், கண்டிப்பான பிரெஸ்பிட்டேரியன் சபையினர். கரையில் ஏற்கெனவே ஒரு தேவாலயம் இருந்தது. பாலங்களுக்கும் சாலைகளுக்கும் பெயர்பெற்ற தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில், ஒதுக்குப்புறமான ஊர்களுக்கென்று நாடாளுமன்றத்தின் பணத்தில் கட்டப்பட்ட 32 தேவாலயங்களில் அது ஒன்று. 1820-களின் கடைசியில் எழுந்தது. ஆனால் 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாக உடைந்தது. ஒரு சபைக்கு யார் போதகர் என்பதை நிலக்கிழார் முடிவு செய்வதா, சபையோர் முடிவு செய்வதா என்பதே சண்டையின் மையம். 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையைத் தொடங்கினார்கள். சூனார்ட் வட்டார மக்களில் பெரும்பாலோர் அவர்களோடு போனார்கள். நிலம் முழுவதற்கும் உடைமையாளராக இருந்த சர் ஜேம்ஸ் ரிடல், தம் நிலத்தில் அவர்கள் ஆலயம் எழுப்ப ஒரு குழி இடம்கூடத் தர மறுத்தார். மழையிலும் பனியிலும் திறந்த வெளியில் தொழுது பார்த்தார்கள். பிறகு ஒரு யோசனை பிறந்தது: நிலம் அவருடையது, கடல் அவருடையது அன்றே!

1,400 பவுன் திரட்டி, கிளைடு நதிக்கரைக் கப்பல் தளத்தில் இரும்பில் ஓர் ஆலயத்தைக் கட்டினார்கள். அடித்தளம் தெப்பம் போல. மேலே கூரையும் சன்னல்களும் பிரசங்க மேடையும். 1846-இல் அதைக் கடல் வழியாக இழுத்துவந்து, ஊருக்கு மேற்கே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நங்கூரமிட்டார்கள். சுமார் 750 பேர் அமரலாம். ஞாயிறுதோறும் குன்றுகளுக்கு அப்பாலிருந்து நடந்தும் படகிலும் வந்து, சிறு படகுகளில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆலயத்துக்குள் ஏறுவார்கள். நூறு பேர் ஏறினால் ஆலயம் ஓர் அங்குலம் தண்ணீரில் இறங்கும் என்றும், ஆகவே எந்தப் போதகருக்கு எவ்வளவு கூட்டம் என்பதை நீர்க்கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றும் ஒரு பேச்சு இன்றுவரை வழங்குகிறது. பிற்பாடு ஒரு புயலில் நங்கூரம் அறுந்து அது கரை தட்டியது. தட்டிய இடத்திலேயே வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். நான் கரையில் நின்று பார்த்தபோது அங்கே ஒரு சீல் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூழ்கியது.

அந்தக் குணம் போகவில்லை என்பதற்கு ஊரில் இன்னொரு கட்டடம் சாட்சி. பழைய தொடக்கப்பள்ளிக்கு மாற்றாக அரசு தரப்பில் சொல்லப்பட்ட ஏற்பாடு ஊராருக்குப் பிடிக்கவில்லை. தாங்களே ஒரு நிறுவனம் அமைத்து, பங்குகள் விற்றும் கடன் வாங்கியும் நிதி தேடியும் பள்ளிக் கட்டடத்தைக் கட்டி, 2018-இல் அதைக் கவுன்சிலுக்கே வாடகைக்கு விட்டுவிட்டார்கள். எதிர்காலத்தில் பிள்ளைகள் குறைந்து பள்ளி தேவைப்படாமல் போனால், சுவர்களை மாற்றி வீடுகளாக்கிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டே கெட்டதற்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கும் அந்த விவசாயப் புத்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒதுக்குப்புற ஊர்களுக்குப் பள்ளி போனால் எல்லாம் போகும் என்பது இரண்டு மாணவர்களை வைத்துக்கொண்டு மூடுவிழாவை எதிர்நோக்கும் நம் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் தெரியும்.

இனி என் வேண்டுகோள். தனிமங்களுக்குப் பெயர் தந்த ஊர்கள் சிலவே. சுவீடனில் இட்டர்பி என்ற ஒரே சிற்றூர் இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டர்பியம் என்று நான்கு தனிமங்களுக்குப் பெயர் தந்திருக்கிறது. பிரிட்டன் முழுவதிலும் அந்தப் பேறு ஸ்ட்ரொன்டியன் ஒன்றுக்குத்தான். அந்த ஒன்றையும் பிறக்காத ஒரு விஞ்ஞானிக்குத் தாரை வார்த்துவிடுவது நியாயமாகாது. தங்கள் இணைப்பிதழைச் சிவகாசிப் பிள்ளைகள் கத்தரித்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள், நானே பார்த்தேன். ஆகையால் பிழை அங்கேயே தங்கிவிடும். திருத்தம் வெளியிடும்போது ஊர்ப்பெயரை எழுதுவதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். தனிமத்தை நம் பாடநூல் வழக்கப்படி ஸ்ட்ரான்சியம் என்றே எழுதலாம், அது ஊன்றிவிட்டது. ஊரை மட்டும் அவ்வூரார் சொல்கிறபடி, நடுவில் உள்ள 'டி'யை அழுத்தி, ஸ்ட்ரொன்டியன் என்று எழுதவேண்டும்.

தங்கள் ஆசிரியர் குழுவின் வேலையைக் குறைக்கும் நோக்கில், திருத்தக் குறிப்பை நானே எழுதித் தருகிறேன். இடம் குறைவு என்றால் மேலே உள்ள எதையும் வெளியிட வேண்டாம். இதை மட்டும் வெளியிட்டால் போதும்:

"பிழை திருத்தம்: தீபாவளி இணைப்பில் வந்த கட்டுரையில், ஸ்ட்ரான்சியம் ஒரு விஞ்ஞானியின் பெயரால் அழைக்கப்படுவதாகக் குறிப்பிட்டது தவறு. ஸ்காட்லாந்தில் சூனார்ட் கழிக்கரையில் உள்ள ஸ்ட்ரொன்டியன் என்ற சிற்றூரின் ஈயச் சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லில் அத்தனிமம் இனங்காணப்பட்டதால், ஊரின் பெயரே அதற்கு வந்தது."

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
சிவகாசி.